நெற்பூ மலரும் ஒரு மணி நேரம்: வெப்பம் தாங்கும் பயிர்களைத் தேடும் ஆய்வுகள்

2022 ஆம் ஆண்டு யூலை 19 ஆம் நாளை இலண்டன் வாழ் எம்மவர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஹீத்ரோவில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டியது. லிங்கன்ஷயர் மாநிலத்துக் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவாயிற்று. பிரித்தானியாவில் 40 பாகை எட்டப்பட்டது அதுவே முதற்தடவை. நகரின் கிழக்கெல்லையிலுள்ள வெனிங்ரன் கிராமத்தில் காய்ந்த புல்லில் பற்றிய தீ வீடுகளை விழுங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தகைய பரபரப்பான நாளைக் கண்டதில்லை என இலண்டன் தீயணைப்புப் படையினர் கூறினர். "ஊரிலே காணாத வெய்யிலோ?" என்று முதலில் சிரித்த எம்மவரும், மூடிய சாளரங்களுக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு அன்றிரவு உறங்க முடியாமல் தவித்தனர்.

நகரசபைத் தோட்டத் துண்டுகளில் மரக்கறி பயிரிடும் எம்மவர் பலர் அக்கோடையில் வேறொன்றையும் கவனித்திருப்பர். தண்ணீர் ஊற்றி வளர்த்த போஞ்சிக் கொடி பச்சைப்பசேலென்று படர்ந்து நிற்கும். சிவந்த பூக்களும் நிறைந்திருக்கும். ஆயினும் காய் பிடிக்காது. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த குறைபாடு இது. சூடான, உலர்ந்த காலநிலையில் அந்தப் போஞ்சியின் பூக்கள் காயாகாமலே உதிர்ந்துவிடும். செடிக்கு நோயுமில்லை, பசியுமில்லை. பூவினுள் நிகழவேண்டிய ஒரு சிறு காரியம் நிகழாமற் போய்விட்டது. வெப்பம் பயிர்களை எப்படித் தாக்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

வெப்பம் என்றவுடன் கருகிய இலையும் வெடித்த நிலமும் எமது மனக்கண்முன் தோன்றுகின்றன. அது பெரும்பாலும் வரட்சியின் தோற்றமாகும். வெப்பத்தின் தாக்கம் இதைவிட நயவஞ்சகமானது. வயலில் நீர் நிறைந்திருக்கலாம், பயிர் செழித்திருக்கலாம், கதிரும் வெளிவந்திருக்கலாம். அறுத்துச் சூடடித்துத் தூற்றும்போதுதான் காற்றோடு பறக்கும் சப்பி நெல்லைக் கண்டு கமக்காரன் திகைத்து நிற்பான்.

நெற்பூ மலர்வதை உற்றுப் பார்த்தவர்கள் எம்முள் குறைவு. முற்பகலில், பெரும்பாலும் பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இடையில், உமிகள் இரண்டும் மெல்ல விலகுகின்றன. ஆறு மகரந்தப் பைகள் வெளியே நீளுகின்றன. அவை வெடித்து மகரந்தம் அதே பூவின் சூலகமுடிமீது விழுகிறது. சில நிமிடங்களில் மகரந்தக் குழாய் முளைத்து உள்ளே இறங்குகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமிகள் மீண்டும் மூடிக்கொள்கின்றன. ஒரு நெல்மணியின் தலைவிதி அந்த ஒரு மணி நேரத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது. அவ்வேளையில் வெப்பம் மிகுந்தால் மகரந்தப் பை சரிவர வெடிக்காது, வெடித்தாலும் போதிய மகரந்தம் விழாது, விழுந்தாலும் முளைக்காது. அதன்பின் எவ்வளவு பசளை இட்டாலும் அந்த மணி சப்பியே.

இதனை அளந்து காட்டிய முக்கியமான ஆய்வுகளுள் ஒன்று எமக்கு அருகிலேயே, இலண்டனுக்கு மேற்கே தொடருந்தில் அரை மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ரெடிங் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. கிருஷ்ண ஜகதீஷ் என்ற இந்திய ஆய்வாளரும், பீற்றர் குறோஃபேட், ரிம் வீலர் ஆகியோரும் 2007 இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். குளிர்ந்த இங்கிலாந்தில், வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட அறைகளுள் நெல்லை வளர்த்து, பூக்கும் வேளையில் மட்டும் குறித்த சில மணி நேரம் சூடேற்றிப் பார்த்தனர். ஆசியாவெங்கும் பரவிய ஐ.ஆர். 64 என்ற இனமும், அசுசீனா என்ற மேட்டுநில இனமும் அதில் ஒப்பிடப்பட்டன. பூ மலரும்போது 33.7 பாகை வெப்பத்தை ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ அனுபவித்தாலே இரண்டிலும் மலட்டுத்தன்மை உண்டாகிறது எனக் கண்டனர். ஐ.ஆர். 64 இல் ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் மணி பிடிப்பது ஏறக்குறைய 7 வீதம் குறைந்தது.

33.7 பாகை என்பது கிளிநொச்சியிலோ தஞ்சாவூரிலோ ஓர் அசாதாரண வெப்பநிலையன்று என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இந்த ஆய்வில் எம்மைக் கவர்ந்தது அதன் எளிமையான ஓர் உத்தி. ஒரு கதிரிலுள்ள பூக்கள் யாவும் ஒரே நாளில் மலர்வதில்லை. ஐந்தாறு நாட்களாகச் சிறிது சிறிதாக மலர்கின்றன. ஆகவே ஆய்வாளர்கள், வெப்பம் இருந்த வேளையில் எந்தப் பூக்கள் உண்மையில் விரிந்தனவோ அவற்றை மட்டும் ஒவ்வொன்றாக அடையாளமிட்டனர். பின்னர் அவற்றில் மணி பிடித்ததா என்று மட்டும் எண்ணினர். இதனால் வெப்பத்தைத் தாங்கும் இனம் எது, வெப்பம் வரும் வேளையில் பூக்காமல் தப்பிக்கொள்ளும் இனம் எது என்பதைப் பிரித்தறிய முடிந்தது. முன்னைய ஆய்வுகள் பல இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. மாணவர்களுக்கு ஆய்வுமுறை கற்பித்த காலத்தில், விலையுயர்ந்த கருவியைவிடச் சரியான கேள்வியே பெரிது என்று நாம் சலிப்பூட்டுமளவுக்குச் சொல்லியிருக்கிறோம். அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அன்று எமக்குக் கிடைத்திருக்கவில்லை.

இவ்வாறு பல இனங்கள் சோதிக்கப்பட்டபோது திரும்பத் திரும்ப முன்னே நின்றது நகீனா 22 என்ற ஒரு நெல். உத்தரப் பிரதேசத்தின் நகீனா என்ற ஊர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கியது அது. வங்கத்திலும் கிழக்கிந்தியாவிலும் கோடை வெய்யிலில், மானாவாரி நிலத்தில் விதைக்கப்பட்ட 'அவுஸ்' என்னும் நெற்குலத்தைச் சேர்ந்தது. உயரமாக வளரும், விளைச்சல் குறைவு, பசுமைப் புரட்சியின் அளவுகோல்களால் அளந்தால் எவரும் விரும்பாத நெல். ஆனால் 38 பாகை வெப்பத்தில் ஏனைய இனங்கள் சப்பியாகிப் போக, இதன் பூக்களிற் பெரும்பாலானவை மணியாகின. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தில் 2012 இலும் அதன் பின்னரும் நடந்த ஆய்வுகள், இதன் தாங்குதிறனுக்குக் காரணமான ஒரு பகுதி நான்காவது நிறமூர்த்தத்தில் உள்ளதெனக் கண்டறிந்தன. ஏழைக் குடியானவன் கைவிடாமல் விதைத்துவந்த நெல்லின் அந்தச் சிறு துண்டை உயர்விளைச்சல் இனங்களுக்குள் புகுத்தும் வேலை இப்போது நடைபெறுகிறது.

தப்பிக்கொள்ளும் வழியையும் அறிஞர்கள் இகழ்ந்து ஒதுக்கவில்லை. 'ஒறைசா ஒஃபிசினாலிஸ்' என்ற காட்டு நெல் விடிகாலையிலேயே, வெய்யில் ஏறுமுன் பூத்து முடித்துவிடுகிறது. யப்பானிய அறிஞர்களும் மேற்குறித்த நெல் நிறுவகத்தாரும் அப்பண்பை ஐ.ஆர். 64 இற்குள் கொண்டுவந்து, வழக்கத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முந்திப் பூக்கும் நெல்லைப் படைத்தனர். 2015 இல் இது அறிவிக்கப்பட்டது. வெய்யிலுக்குமுன் வயலுக்குப் போய்வரும் எமது கமக்காரரின் வழக்கத்தை நெல்லுக்கும் பழக்கிவிட்டார்கள் எனலாம்.

கச்சானிலும் இதே நேரக் கணக்கு உண்டு. 1990 களின் பிற்பகுதியில் ரெடிங்கில் வர பிரசாத் என்பவரும் குழுவினரும் செய்த சோதனைகளில், பிற்பகல் வெப்பத்தைவிட முற்பகல் வெப்பமே கச்சானில் காய் பிடிப்பதைக் கெடுப்பதாகத் தெரியவந்தது. அதன் பூக்கள் காலையில் விரிவதே காரணம். முல்லைத்தீவின் மணற்பாங்கான நிலங்களில் கச்சான் விதைப்போர் அறிந்திருக்கவேண்டிய செய்தி இது.

பகலை மட்டும் பார்த்தாலும் போதாது. சர்வதேச நெல் நிறுவகப் பண்ணையின் 1979 முதல் 2003 வரையான பதிவுகளை ஆராய்ந்த ஷாஓபிங் பெங் குழுவினர் 2004 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அங்கு இரவு வெப்பநிலை பகலைவிட விரைவாக உயர்ந்திருந்தது. வரள்பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் நெல் விளைச்சல் ஏறக்குறைய 10 வீதம் குறைந்தது. சூடான இரவில் பயிர் மூச்சுவிட்டே பகலில் தேடியதைச் செலவழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அதுமட்டுமே காரணமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

எமது மண்ணுக்கு மிக அண்மித்த ஆய்வு இலங்கையரான வீரக்கோன் யப்பானிய அறிஞர் இருவருடன் சேர்ந்து 2008 இல் வெளியிட்டதாகும். ஒரே வெப்பநிலையிலும் காற்றின் ஈரப்பதன் கூடும்போது நெல்லின் மலட்டுத்தன்மை கூடுகிறது என அவர்கள் காட்டினர். காரணம் எளியது. உலர்ந்த காற்றில் கதிர் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஈரக்காற்றில் அது இயலாது. அவுஸ்திரேலியாவின் ரிவரைனா பிரதேசத்தில் கடும் வெய்யிலிலும் நெல் விளைவதன் இரகசியமும் இதுவே. அங்கு காற்று மிக உலர்ந்தது; வயலில் நீர் நிறைந்திருக்கும்; கதிர் காற்றைவிடப் பல பாகை குளிர்ந்திருப்பதை யப்பானிய ஆய்வாளர் அளந்து கண்டனர்.

இதனை வன்னிக்குப் பொருத்திப் பார்ப்போம். காலபோக நெல் மாரியின் குளிர்ச்சியில் பூக்கிறது. அதற்கு இப்போதைக்கு வெப்பத்தால் பெரிய ஆபத்தில்லை. சித்திரை, வைகாசியில் விதைக்கும் சிறுபோக நெல் ஆனி, ஆடியில் கதிர் தள்ளுகிறது. அப்போது வீசும் சோளகக் காற்று உலர்ந்தது. இரணைமடு நீர் வாய்க்காலில் ஓடும்வரை அந்தக் காற்றே கதிருக்கு விசிறியாகும். குளம் வற்றி நீர் முறை பிந்தும் வாரத்திலே கதிர் தன்னைக் குளிர்விக்க நீரின்றி வெய்யிலை நேரடியாக ஏற்கிறது. வெப்பமும் வரட்சியும் ஒன்றாக வருவது தனித்தனியே வருவதைவிடக் கொடியது. ஆகவே வன்னிக்கு வேண்டிய நெல்லை மணிலாவின் ஈரக்காற்றிலோ ரெடிங்கின் கண்ணாடி அறையிலோ மட்டும் தெரிவுசெய்துவிட முடியாது என்பது எமது கருத்து.

வயலிலே தெரிவு செய்வதற்குப் பெருஞ்செலவு வேண்டும் என்றும் எண்ணவேண்டாம். ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் இயங்கும் சர்வதேச வரள்வலயப் பயிர் ஆராய்ச்சி நிறுவகத்தார் கடலைக்குச் செய்தது மிக எளிய காரியம். வழமையாகக் குளிர் காலத்திற் பயிரிடும் கடலையை வேண்டுமென்றே பிந்தி, மாசி மாதத்தில் விதைத்தனர். பூக்கும்போது தெலுங்கு நாட்டுக் கோடை அதன்மீது இறங்கியது. நூற்றுக்கணக்கான இனங்களுள் எவை அப்போதும் காய்த்தனவோ அவற்றைத் தெரிந்தெடுத்தனர். அவ்வழியில் தேறிய ஓர் இனம் இந்தியாவில் ஜே.ஜி. 14 என்ற பெயரிலும் பர்மாவில் யெசின் 6 என்ற பெயரிலும் கமக்காரருக்கு வழங்கப்பட்டது. நெல் அறுத்த பின்னர் எஞ்சிய ஈரத்தில் பிந்திக் கடலை விதைப்போருக்கு அது பெருந்துணையாயிற்று. இலைத்துண்டைச் சுடுநீர்க் குழாயில் வைத்து, அதிலிருந்து கசியும் உப்பை மின்கடத்துதிறன் மூலம் அளக்கும் ஆய்வுகூடச் சோதனையும் உண்டு. கலமென்சவ்வு சூட்டில் எவ்வளவு சிதைகிறது என்பதை அது காட்டும். விரைவானது, மலிவானது. ஆயினும் இலை தாங்கினால் பூவும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இனி இலண்டனுக்குத் திரும்புவோம். டிஸ்ரிக்ற் வழி நிலக்கீழ் தொடருந்தில் போய்ப் பூங்கா பார்த்துத் திரும்பும் எம்மவர், கியூ தாவரவியற் பூங்காவின் உலர்தாவரக் காட்சியகத்தை அறிந்திருப்பது அரிது. அங்கே 70 இலட்சம் அளவிலான தாவரங்கள் அழுத்தி உலர்த்திக் காகிதத்தில் ஒட்டப்பட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. எங்கே, எப்போது பறிக்கப்பட்டது என்ற குறிப்பு ஒவ்வொன்றிலும் உண்டு. கியூவின் ஆரன் டேவிஸ், கிறீனிச் பல்கலைக்கழகத்தின் ஜெரமி ஹாகர், சியாரா லியோனைச் சேர்ந்த டானியல் சார்மு ஆகியோர் 'கொஃபியா ஸ்ரெனோஃபில்லா' என்ற காட்டுக் கோப்பியைத் தேடிப் போனார்கள். சியாரா லியோன் காட்டில் அது 1954 இற்குப் பின் எவர் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. 2018 இல் கண்டுபிடித்தார்கள். அக்கோப்பி இயற்கையாக வளரும் இடங்களின் காலநிலையைக் கணித்தபோது, சராசரி ஆண்டு வெப்பநிலை 24.9 பாகை எனத் தெரிந்தது. இது றொபஸ்ரா கோப்பிக்கு ஏற்றதைவிட 1.9 பாகையும், அராபிக்காவுக்கு ஏற்றதைவிட 6.8 பாகை வரையும் அதிகம். 2020 இல் இலண்டனிலும் பின்னர் பிரான்சிலும் சுவைஞர்கள் அருந்திப் பார்த்து, அராபிக்காவுக்கு நிகரான சுவை என்றனர். 2021 இல் இவை வெளியாகின. இது அறையில் சூடேற்றிச் செய்த சோதனையன்று. ஒரு செடி எங்கே பிழைத்திருக்கிறது என்ற பதிவிலிருந்து அதன் தாங்குதிறனை ஊகிக்கும் முறை. தோட்டத்தில் பயிராகி விளைச்சல் தரும்போதே உறுதியாகும்.

இதனை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கோப்பி எமது வரலாற்றில் ஒரு பானம் மட்டுமன்று. 19 ஆம் நூற்றாண்டில் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து கண்டி மலைகளுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் போனது கோப்பிக்காகவே. வழியில் இறந்தோர் தொகை ஏராளம். அக்கோப்பித் தோட்டங்கள் மிகக் குறுகிய மரபுவழி கொண்ட அராபிக்கா செடிகளால் மலை மலையாக நிரப்பப்பட்டிருந்தன. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றியது. பேராதனையிலிருந்து அனுப்பப்பட்ட இலைகளைப் பார்த்து இங்கிலாந்தின் பேர்க்லி அப்பூஞ்சணத்துக்கு அதே ஆண்டில் பெயரிட்டார். பெயரிட்டது செடியைக் காப்பாற்றவில்லை. இருபதாண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பி ஏறக்குறைய அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. துரைமார் பலர் ஊர் திரும்பினர். தொழிலாளர் பலர் தேயிலைக்கு மாறினர். அவர்களின் பேரப்பிள்ளைகளது குடியுரிமை 1948 இல் பறிக்கப்பட்டது.

தாங்குதிறனுள்ள செடி எங்கோ ஒரு காட்டில் நின்றிருக்கலாம். அன்று அதைத் தேடியோர் இல்லை. இன்று தேடும்போது காடே போய்க்கொண்டிருக்கிறது. உலகின் 124 காட்டுக் கோப்பி இனங்களில் 60 வீதமானவை அழியும் ஆபத்தில் உள்ளன எனக் கியூ அறிஞர் 2019 இல் கணித்தனர்.

எமது நெல்லினங்களின் நிலையென்ன? மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன் என்ற பெயர்கள் முதியோர் வாயில் இன்னும் உண்டு. உயர்விளைச்சல் இனங்கள் வந்தபோது பல வயலைவிட்டு ஒதுங்கின. எஞ்சியவற்றைப் போர் சிதைத்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த இரவில், விதைநெல் மூட்டையையும் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயத்தையும் எவர் சுமந்திருப்பார்? 2009 இல் வன்னியில் அதுவும் இல்லை. மீளக் குடியேறியோர் வெளியிலிருந்து வழங்கப்பட்ட விதையையே விதைத்தனர். ஒரு குடும்பம் கைமாற்றிக் காத்துவந்த விதை ஒரு போகம் தவறினாலும் அற்றுப்போகும் என்பதைக் கமஞ்செய்தோர் அறிவர்.

முற்றாக அற்றுப்போகவில்லை என்பது ஆறுதல். கண்டிக்கு அருகே கன்னொறுவையில் யப்பானிய உதவியுடன் அமைந்த தாவர மரபுவள நிலையத்திலும், பிலிப்பைன்சின் நெல் விதைக் களஞ்சியத்திலும் இலங்கை நெல்லினங்கள் குளிரூட்டிக் காக்கப்படுகின்றன. களஞ்சியத்தில் உறங்கும் விதைக்கும் வயலில் ஆண்டுதோறும் வெய்யில் கண்ட விதைக்கும் வேறுபாடு உண்டு. முன்னது பெட்டியில் வைக்கப்பட்ட ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் எடுத்து விதைத்துப் பார்க்கலாம். அவற்றுள் நகீனா 22 போன்ற ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதை விதைத்தே அறியவேண்டும்.

அதனைச் செய்யும் இடமும் இருக்கிறது. 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்ட யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம், போரினால் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னர் மீண்டும் அங்கே அறிவியல்நகருக்குத் திரும்பியிருக்கிறது. சுற்றிவர இரணைமடுவின் வயல்கள். சிறுபோகத்தில் பழைய இனங்களை இரண்டு வாரம் பிந்தி விதைக்கலாம். பூக்கும் நாட்களில் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை விரிந்த பூக்களுக்கு மைப்பேனையால் அடையாளமிடலாம். நிழலில் ஒரு வெப்பமானியும் கதிரின் அருகே இன்னொன்றும் வைக்கலாம். நான்கு வாரம் கழித்து நெல்லையும் சப்பியையும் எண்ணலாம். ஒரு மாணவரின் மூன்றாண்டு உதவித்தொகை, விதை, சில கருவிகள் என்பவற்றுக்கு ஆகும் பணம், இலண்டனில் எம்மவர் ஒரு மண்டபத் திருமணத்தில் ஒரே மாலையில் செலவிடும் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது எமது கணிப்பு. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கட்டடத்துக்கும் கோவில் தேருக்கும் பணம் அனுப்பும்போது, பீடத்துக்கு ஒரு கடிதம் எழுதி எந்த நெல்லினங்கள் இன்னும் சோதிக்கப்படவில்லை என்று கேட்டுப் பார்க்கலாம். அடுத்த சிறுபோக விதைப்பு சித்திரையில் தொடங்குகிறது. களஞ்சியத்திலிருந்து விதை பெறுவதற்கு அதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.